பிரிந்த பேண்டைச் சேர்த்து, புதுக் குரலோடு ஆல்பம் போடுவது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு

கல்லூரி நாட்களில் கிடாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையில் குதித்த கும்பல்கள் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நிறையவே உண்டு. அதில் பல பேர் பங்க்-பாப் பக்கம் போனதற்குக் காரணம் எளிது, மூன்று கார்டு, அதாவது சேர்த்தடிக்கும் ஸ்வரக்கூட்டு, தெரிந்தால் போதும், மீதியை வேகம் பார்த்துக்கொள்ளும். அப்புறம் வேலை, கல்யாணம், சிங்கப்பூர், துபாய் என்று ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். இப்போது அதே ஆட்கள் முப்பத்தைந்தைத் தாண்டி, வண்டிக் கடனைக் கட்டி முடித்த தைரியத்தில், மறுபடி சேரலாமா என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். பாடியவர் மட்டும் வரமாட்டார். இது அவர்களுக்காக.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஒன்றுதான். புதுக் குரலைப் பழைய பாட்டுக்குள் திணிக்காதீர்கள், பாட்டைத் தூக்கிக் குரலிடம் கொண்டுபோங்கள். சுருதி, சொல், வேகம், ரெக்கார்டிங் நாள், மேடையில் எக்கோ வரை எல்லாமே இதிலிருந்துதான் வரும்.

முதலில் கணக்கு, அப்புறம்தான் கிடார்

முதல் ரிகர்சலுக்கு முன்னால் பழைய பாடகரிடம் பேசிவிடுங்கள். போனில் இல்லை, நேரில். வெளிநாட்டில் இருந்தால் ஊருக்கு வரும்போது. ஆம்ப் யார் காசில் வாங்கியது, கடைசிக் கச்சேரிப் பணம் எங்கே போனது என்கிற பழைய மனத்தாங்கல்களை அங்கேயே முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு வெளிவந்த அன்றைக்கு அது முகநூலில் முளைக்கும். அதைவிட முக்கியம் பாட்டுகள் யாருடையவை என்பது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி வரிகள் எழுதியவருக்கு, மெட்டு போட்டவருக்கு. அவர்கள் காலத்துக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நிற்கும். ஒலிப்பதிவின் உரிமை தனி, அது பதிவை முன்னின்று தயாரித்தவருடையது. ஆக, பழைய பாட்டை நீங்கள் புதிதாகப் பதிவு செய்வதென்றால் பழைய ஒலிப்பதிவு யார் கையில் இருக்கிறது என்பது பெரிய தடை இல்லை, வரிகளைப் பழைய பாடகர் எழுதியிருந்தால் அவர் சம்மதம்தான் வேண்டும். ஐந்து ஆண்டு கழிந்த பாட்டுகளைக் கவராக, அதாவது வேறு ஆட்கள் பாடி மறுபதிவு செய்ய முன்னறிவிப்பு கொடுத்து ராயல்டி கட்டும் ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துச் சாப்பிட்ட ஆளுக்கு நோட்டீஸ் அனுப்புவதா? ஒரு பக்கத் தாளில் எந்தெந்தப் பாட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

புதிதாக வருபவருக்கும் அதே தாளில் இடம் வேண்டும். கச்சேரிக்கு இவ்வளவு என்று சம்பளமா, இல்லை பேண்டில் பங்கா? எது வேண்டுமானாலும் சரி, முதலிலேயே சொல்லிவிடுங்கள். பங்கு இல்லாமல் சம்பளத்துக்குப் பாட வந்தவரிடம் போய் ‘நம்ம பேண்டுக்காக’ என்று உருகக்கூடாது.

பழைய பாடகரோடு கதவைச் சாத்த வேண்டாம் என்று சொல்வதற்கு அமெரிக்க பங்க்-பாப் பேண்டான பிளிங்க்-182 நல்ல சாட்சி. 2015இல் அதன் பாடகர்களில் ஒருவரான டாம் டிலாங் விலக, மாட் ஸ்கிபா வந்தார். அவரோடு போட்ட 2016 ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் இடத்துக்கே போனது. ஆனாலும் 2022இல் டிலாங் திரும்பி வந்தார், 2023இல் மூன்று பேரும் பழையபடி சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார்கள். வந்தவர் போகவும் போனவர் வரவும் நேரும். யாரைப் பற்றியும் மேடையில் ஏளனமாக ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

குரலைத் தேடுவது

வெளியே தேடும் முன் உள்ளே பாருங்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து பஸ்காக்ஸ் பேண்ட், பங்கையும் பாப்பையும் முதலில் ஒட்டவைத்தவர்களில் முக்கியமானவர்கள். அவர்களின் முதல் பாடகர் ஹோவர்ட் டிவோட்டோ 1977 தொடக்கத்தில் விலகியதும் கிடாரிஸ்ட் பீட் ஷெல்லி மைக்கைப் பிடித்தார். 2018 டிசம்பரில் ஷெல்லி இறந்தபோது இன்னொரு கிடாரிஸ்ட் ஸ்டீவ் டிகில் பிடித்தார், 2022இல் அவர் குரலில் புது ஆல்பமே வந்தது. ஒரே பேண்டில் இரண்டு முறை கிடார்காரர்தான் பாடகர் ஆகியிருக்கிறார். உங்கள் பேஸ்காரர் கோரஸில் பின்பாட்டு பாடிக்கொண்டிருந்தாரே, அவரை ஒருநாள் முன்னால் நிறுத்திப் பாருங்கள்.

உள்ளே ஆள் இல்லையென்றால் நம் பக்கத்தில் இரண்டு இடங்கள்தான். ஒன்று, இன்னிசைக் கச்சேரிக் குழுக்கள். இரண்டு, கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகள்; திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது. இரண்டு பக்கமும் திறமைக்குப் பஞ்சமில்லை. இரண்டிலும் ஆளுக்கொரு பழக்கத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். கச்சேரிப் பாடகருக்கு இத்தனை வருஷமாகக் கிடைத்த பெரிய பாராட்டே ‘அப்படியே அவர் குரல் சார்!’ என்பதுதான், அதனால் உங்கள் பழைய பாட்டைக் கொடுத்தால் உங்கள் பழைய பாடகரையே அச்சுப் பிசகாமல் இறக்கிவைப்பார். கேட்கச் சுகமாக இருக்கும், அங்கேதான் ஏமாந்துபோவீர்கள். சங்கீதம் படித்தவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைத்துத்தான் விடுவார், இந்த வேகத்தில் அசைவுக்கு இடமே இல்லை. முழுக்க எடுத்துவிடவும் வேண்டாம். பாட்டுக்கு ஒரு இடத்தில், கோரஸுக்கு முந்தின வரியின் கடைசியில், ஒரே ஒரு பிருகா விட்டால் அது உங்கள் பேண்டின் முத்திரையாகிவிடும்.

எனவே ஆள் தேர்வுக்குப் பழைய பாட்டைக் கொடுக்கவே கூடாது. இரண்டே கார்டில் ஒரு புது வட்டத்தை வாசித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு டைம் டேபிளையாவது அதில் பாடச் சொல்லுங்கள். அப்புறம் டிரம்ஸ் ஓட ஓட, நின்றபடியே, ஏழெட்டுப் பாட்டு இடைவெளி இல்லாமல் பாடவைத்துப் பாருங்கள். முதல் பாட்டில் எல்லோரும் நன்றாகத்தான் பாடுவார்கள், ஆறாவது பாட்டில் மூச்சு எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு.

வருவது ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். ரிகர்சல் கும்பகோணத்தில், வீடு திருவையாற்றில் என்றால் கடைசி பஸ்ஸை வைத்துத்தான் ரிகர்சல் நேரம் போட வேண்டும். அவர் வீட்டுக்குப் போய், ‘அம்மா, ஏழரைக்கெல்லாம் முடிச்சிடுவோம், நாங்களே பஸ் ஏத்திவிடுவோம்’ என்று சொன்னால் சொன்னபடி நடக்க வேண்டும். இன்னொன்று, மேடையில் அவரைப் ‘பாப்பா’ என்று அறிமுகப்படுத்தாதீர்கள். பேண்டின் பாடகர் அவர், பெயரைச் சொல்லுங்கள்.

சுருதியை மாற்றுவது

இங்கேதான் நிதானம் வேண்டும், பாதி பேண்டுகள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன.

பழைய பாட்டுகள் இரண்டு கட்டையில், அதாவது டி-யில் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஆண் குரல் கோரஸில் மேலே உள்ள பஞ்சமத்தைத் தொட்டுக் கத்தும், அந்தக் கிழிசல்தான் பாட்டின் உயிர். இப்போது பெண் குரல் வந்திருக்கிறது, நீங்கள் சுருதியைத் தொடவில்லை. அதே இடத்தில் அவர் பாடினால் நடு ஸ்தாயியில் சாவகாசமாகப் பேசுவதுபோல இருக்கும், கிழிசல் போய்விடும். ஒரு ஸ்தாயி ஏற்றினால் கீச்சென்று ஆகிவிடும். நம் ஊரில் ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரையிலும் பாடுவதை எத்தனை கச்சேரியில் பார்த்திருக்கிறோம், ராக் என்றதும் அதை மறந்துவிடுகிறோம்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஹார்மோனியம் வேண்டாம். பாடகரை வெளியே வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய், அந்தக் கரையில் ஒருவரை நிறுத்தி, அவரை ‘அண்ணே!’ என்று கூப்பிடச் சொல்லுங்கள். பாடக்கூடாது, கூப்பிட வேண்டும். நாலைந்து தடவை. போனில் பதிவு செய்து, டியூனர் ஆப்பில் ‘ணே’ எந்த ஸ்வரத்தில் விழுகிறது என்று பாருங்கள். தொண்டை நோகாமல், முழுச் சத்தத்தில், தானாக வந்து நின்ற ஸ்வரம் அது. உங்கள் கோரஸில் நீட்டி நிற்கிற உச்ச ஸ்வரம் அங்கேதான் உட்கார வேண்டும். மீதிச் சுருதியை அதிலிருந்து கீழ்நோக்கிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பழையதைவிட மூன்றிலிருந்து ஐந்து அரை ஸ்வரம் மேலே போகும், இரண்டு கட்டைப் பாட்டு நாலு அல்லது ஐந்து கட்டைக்கு வரும்.

கிடார்காரர் இப்போது முகத்தைச் சுளிப்பார். சுளிக்கத் தேவையில்லை, இந்த இசையில் வாசிப்பது முக்காலும் பவர் கார்டு. அதில் இருப்பது ச, ப, மேல் ச, அவ்வளவுதான், தம்புராவில் கேட்கிற அதே ஸ்வரங்கள். காந்தாரமே கிடையாது, அதனால் பாட்டு சிரிக்கிறதா அழுகிறதா என்பதைப் பாடகரின் ஸ்வரம்தான் முடிவு செய்கிறது. குரல் மாறினால் பாட்டின் முகமே மாறுவது இதனால்தான். கையை அப்படியே கிடார் கழுத்தில் மூன்று ஃபிரெட், அதாவது மூன்று கட்டம், நகர்த்தினால் வேலை முடிந்தது. திறந்த கம்பியை நம்பி எழுதிய ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி, இருந்தால் மட்டும் சிக்கல். அதற்குக் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பைப் போடலாம், ஆனால் அடிக்கனம் குறையும். ஆறாவது கம்பியை டி-க்கு இறக்கி வாசித்துப் பழகியவர்கள், கீழ்மூன்று கம்பியும் ச-ப-ச என்று நிற்பதால், ஒரு விரலை வைத்தே எந்தக் கட்டைக்கும் ஓடலாம். எதற்கும் வராத ரிஃப்பைப் போகவிடுங்கள், புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம்.

பழைய பாட்டில் எத்தனை எடுப்பது? பத்துப் பாட்டு ஆல்பத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. மீதி புதுசாக, இந்தக் குரலுக்கென்றே எழுதியதாக இருக்கட்டும்.

வரி எழுதுவது

வேகம் நிமிடத்துக்கு 180 தட்டு என்றால் ஒரு அரைத்தட்டுக்கு ஏறக்குறைய 167 மில்லி செகண்ட்தான் கிடைக்கும். அதில் குறில் ஒன்று உட்காரும், நெடிலுக்கு இரண்டு அரைத்தட்டு வேண்டும். இதைப் பார்க்காமல் ஆங்கிலப் பாட்டின் மெட்டில் தமிழைக் கொட்டினால் ‘வாழ்க்கை’ ‘வழக்கை’ ஆகிவிடும். கோரஸுக்கு முந்தின வேக வரிகளில் குறில் நிறைந்த சொற்களைப் போடுங்கள்: பழைய, தெரு, மழை, கதவு, சிரிச்ச. நெடிலைத் தட்டு விழும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோரஸ் வரி முடியும் எழுத்து ஆ, ஓ, ஏ என்று வாய் திறக்கிறதாக இருந்தால் கூட்டமும் சேர்ந்து கத்தும். காற்று, நேற்று, வீடு என்று உகரத்தில் முடிந்தால் அதை நீட்டவும் முடியாது, கத்தவும் முடியாது. ‘டா’ போட்டு ஒப்பேற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஆல்பத்துக்கு ஒரு ‘டா’ என்று கறாராக இருங்கள்.

அமெரிக்க பங்க்-பாப் பாட்டுகளின் கலிஃபோர்னியப் பள்ளிக்கூடச் சோகத்தை இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம். நாற்பதை நெருங்கும் ஆட்களின் பாட்டில் கட்டாத அரியர், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன், ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்களா என்று டிவியைப் பார்க்கும் அப்பா, முடி கொட்டுவது, எல்லாமே வேகத்துக்குப் பொருத்தமான விஷயங்கள்தான். அமெரிக்க பங்க் பேண்டான ராமோன்ஸின் 1976 முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டரை நிமிடத்துக்கு மேல் உங்கள் பாட்டு போனால் எதை வெட்டலாம் என்று பாருங்கள்.

எங்கே, எப்போது பதிவு செய்வது

டிரம்ஸுக்கு மட்டும் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் நல்ல ஸ்டூடியோவில் ஒரு நாள் எடுங்கள். போவதற்கு முன், புதுப் பாடகர் கிளிக்கோடு, அதாவது தாளம் தட்டும் மெட்ரோனோம் சத்தத்தோடு, பாடிய தோராயப் பதிவு கையில் இருக்க வேண்டும். பல பேர் இதை விட்டுவிட்டு டிரம்ஸை முதலில் வாசித்துக்கொண்டு வருகிறார்கள், அப்புறம் அந்த வாசிப்பு பழைய பாடகரின் மூச்சுக்குப் பொருந்துகிறதே தவிர இவருக்குப் பொருந்துவதில்லை.

மீதியை ஊரிலேயே முடிக்கலாம். சும்மா கிடக்கிறது என்று கல்யாண மண்டபத்தைக் கேட்காதீர்கள், அது வெறும் எதிரொலிக் கிணறு. நெல் மூட்டை அடுக்கிய அறை கிடைத்தால் விடவே விடாதீர்கள். சாக்கும் நெல்லும் சத்தத்தை அப்படியே குடித்துவிடும். பாடகருக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் மூட்டை, தரையில் பாய், மூலையில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் அடித்தொனி முட்டுவதும் குறையும். எலி மட்டும் ஜாக்கிரதை, கேபிளை ராத்திரி தரையில் விடாதீர்கள். மூட்டைத் தூசியையும் முதல் நாளே தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாடகர் பாடமாட்டார், இருமுவார்.

குரல் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்தி, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் வரும் ‘உம்ம்ம்’ பாதிக்குப் பாதி அதிலேயே போய்விடும். பக்கத்துப் பம்புசெட்டுக்கு எப்போது கரண்ட் வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வலம், இடம் என்று கிடாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்துப் பதிய வேண்டும், ஒன்றையே நகல் எடுத்துப் போட்டால் அகலம் வராது.

மாதம் எது என்பதும் குரலை வைத்துத்தான். ஆடியில் மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் விடியற்காலையே ஆரம்பித்துவிடும், அதோடு கச்சேரிப் பாடகர்களும் திருவிழா மேடைகளில் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தவளை. மார்கழியில் பனி தொண்டையைப் பிடிக்கும். தையில் அறுவடை மெஷின் ஓடி, சுணை காற்றில் பறக்கும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கைக்கு வந்து, வெயில் ஏறாத மாசி கடைசியும் பங்குனி முதல் பாதியும்தான் என் தேர்வு. மூட்டை அறையும் அப்போது நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம், பேண்டில் யாராவது நிலம் வைத்திருந்தால் ஸ்டூடியோ வாடகைக்கும் வழி பிறக்கும்.

நாதஸ்வரம் சேர்க்கலாமா என்று யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். சேர்க்கலாம், ஒரு பாட்டில். அந்தப் பாட்டை நாயனத்தின் சுருதியில் எழுத வேண்டும், நீங்கள் கேட்கும் கட்டைக்கெல்லாம் அது ஏறி இறங்காது. 2022இல் புவிசார் குறியீடு வாங்கிய நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் நம் பக்கத்துச் சொத்துதான், வாசிப்பவரிடமே எந்தக் கட்டை என்று கேட்டுவிட்டு, புதுப் பாடகருக்கு அந்தக் கட்டையில் வசதியான மெட்டு போடுங்கள். கடைசியாக, தனியாகப் பதிவு செய்யுங்கள். கூட வாசித்தால் சிம்பலையே அது முழுங்கிவிடும்.

வெளியிடுவது, மேடையேறுவது

முதலில் விடும் பாட்டு புதுசாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்க ராக் பேண்டான லிங்கின் பார்க் பங்க்-பாப் இல்லைதான், ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் செய்தது பாடம். அவர்களின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017இல் இறந்தார். ஏழு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில் புதுப் பாடகர் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங்கை அறிமுகம் செய்த அன்றைக்கே புதுப் பாட்டையும் விட்டார்கள். அதில் முதல் சரணத்தைப் பாடுவது எல்லோருக்கும் பழகின மைக் ஷினோடா. எமிலி அப்புறம்தான் வருகிறார். கேட்பவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு புது ஆளை அறிமுகம் செய்கிற மரியாதை அது. உங்களிடமும் பழகின குரல் ஒன்று இருந்தால் இதைச் செய்யலாம். இல்லையென்றால் நேராகப் புதுக் குரலிலேயே தொடங்குங்கள், நீளமான கிடார் முன்னுரை வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 30 செகண்டாவது ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் அங்கே பாட்டைப் பரிந்துரைக்கு அனுப்பினால் பழைய ரசிகர்களின் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் தானாக வந்துவிடும். இதற்கு, புதுப் பாட்டு உங்கள் பழைய பக்கத்திலேயே ஏறியிருக்க வேண்டும். விநியோகம் செய்பவரிடம் அந்தப் பக்கத்தின் இணைப்பைக் கொடுக்க மறந்தால் அதே பெயரில் புது அநாதைப் பக்கம் ஒன்று முளைத்துவிடும்.

சிடி போட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள். பென்டிரைவில் ஏற்றி மினிபஸ் டிரைவர் அண்ணன்களிடம் கொடுங்கள். மிக்ஸிங் முடியும் முன்பே ஒரு தடவை கொடுத்து, கடைசி சீட்டில் உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது. இன்ஜின் இரைச்சலைத் தாண்டி வரி புரிகிறதா என்று அங்கே தெரிந்துவிடும், புரியவில்லையென்றால் கிடாரைக் குறையுங்கள், குரலை ஏற்றுவது அதற்கு அப்புறம்.

முதல் மேடைக்கு ஃபெஸ்டம்பர் மாதிரிப் பெரிய கல்லூரி விழாவை நினைத்து ஏங்க வேண்டாம். நண்பர் வீட்டு வரவேற்பில் அரை மணி நேரம் கிடைத்தால் ஏறிவிடுங்கள், ஸ்பீக்கர் ராத்திரி 10 மணிக்கு நின்றாக வேண்டும் என்பதை மனதில் வைத்து. மைக் செட் அண்ணனிடம் முன்கூட்டியே போய், ‘அண்ணே, குரலுக்கு எக்கோ வேண்டாம், சுத்தமா நிறுத்திடுங்க’ என்று கேளுங்கள். ‘எக்கோ இல்லாம எப்படித் தம்பி?’ என்பார், பாசத்தில்தான். எக்கோ 300 மில்லி செகண்டில் திரும்பி வந்தால் அதற்குள் இரண்டு எழுத்து ஓடிப்போயிருக்கும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும். ஒரு வரியை எக்கோவோடும் இல்லாமலும் பாடிக் காட்டினால் அவரே குமிழைத் திருப்பிவிடுவார்.

கூட்டத்தில் ஒருவர் பழைய பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்துவார், பழைய பாடகரின் பெயரையும் சேர்த்து. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் புதுப் பாடகர் இல்லை, நீங்கள். சிரித்துக்கொண்டே ‘வருது வருது’ என்று சொல்லிவிட்டு வரிசையை மாற்றாமல் போங்கள். அந்தப் பழைய பாட்டு நாலாவதாக இருக்கட்டும்: மூன்று புதுப் பாட்டு முடிந்து, தொண்டை சூடாகி, புதுக் கட்டையில், புது ஆளின் குரலில்.